அலை இல்லாத இடம்

தம்பி, நீ போன் எடுத்தாய், நான் வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தாய், திரும்பவும் வைத்தேன். அதற்குப் பிறகு நீ எடுக்கவில்லை. கோபமா, இல்லை அம்மா இப்படித்தானே என்ற அலுப்பா, தெரியவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வாயை மூடிக்கொள்வாய். நம் வீட்டில் சண்டை என்றால் எப்போதும் அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். மாநகர சபைத் தண்ணீர்ப் பிரிவில் காலமெல்லாம் கதிரையைத் தேய்த்து, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊர் எழுதிய முறைப்பாட்டுக்கெல்லாம் பதில் எழுதியவள் நான். பெற்ற பிள்ளைக்கு எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. கேள்வி என்னவோ ஒன்றுதான்: உன் கல்யாணத்துக்கு நான் வருவேனா, மாட்டேனா. உன் அப்பாவை எடுத்துக்கொண்ட கடலின் சத்தம் கேட்கிற கோயிலில் உனக்குக் கல்யாணம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று ஒழுங்காகச் சொல்லவில்லை. இதில் சொல்கிறேன். கடைசிவரை படி. பாதியில் எழுந்து திராட்சைக்குத் தண்ணீர் கட்டப் போய்விடாதே. நீ கட்டப்போகிற ஜெனிற்றாவுக்கும் படித்துக் காட்டு, அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை.

உன் திராட்சையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்கு அதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைப்பாய். புரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் நீ எடுத்த வகுப்பில் காய்ச்சல்காரனுக்கும் மண்டையில் ஏறியிருக்கும். நம் கண்டியில் வருஷத்துக்கு இரண்டு பருவத்திலும் மழை, நடுவிலும் பின்னேர மழை. இலை காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. இங்கே திராட்சை நட்டால் கொடி படரும், இலை பெருக்கும், பூஞ்சணம் பிடிக்கும், ஒரு பழம் கண்ணால் காண முடியாது. உன்னுடைய யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை வாடைக் காற்றோடு மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். மிச்சக் காலமெல்லாம் வெயிலும் காற்றும்தான். சோளகம் என்று நீ சொல்கிற அந்தத் தென்மேல் காற்று பகல் முழுக்க இலையைத் துடைத்துக்கொண்டே இருக்கும், நோய் ஒட்டாது. நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல், அதற்குள் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் ஆசைப்பட்டு இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும், கிணறு உவர்த்துவிடும். சம்பந்தி வீட்டுத் தோட்டத்தின் கிழக்குப் பாதி அப்படித்தான் செத்தது என்று நீதான் சொன்னாய். பார், எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது கவ்வாத்துக் கதை. புசல்லாவையில் உன் அப்பா வீட்டார் தேயிலையைக் கவ்வாத்து வெட்டியதைப் பார்த்தவள் நான். அங்கே வெட்டுவது கொழுந்துக்கு. நீங்கள் வெட்டுவது வேறு. குளிர் நாட்டில் பனிக்காலத்தில் கொடி தானாக இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குமாம், எழுந்ததும் பூக்குமாம். உங்கள் கரையில் பனி ஏது? அதனால் கொடிக்குத் தூக்கமே வராது. நீங்களே போய்க் கிளையை வெட்டி, இருக்கிற இலையையெல்லாம் கையால் உருவி, தண்ணீரையும் நிறுத்தி, பனிக்காலம் வந்துவிட்டது என்று அதை நம்ப வைக்கிறீர்கள். இது ஏமாற்று வேலைதானே என்று கேட்டேன். நீ சிரித்தாய். ‘ஓம் அம்மா, ஏமாத்துத்தான்’ என்றாய். ஓமாம்! கண்டி மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவனுக்கு யாழ்ப்பாணத்து ‘ஓம்’ வாயில் வந்துவிட்டது. தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஒரு வெட்டு, ஆனியில் இன்னொரு வெட்டு. இரண்டாவது காய் ஐப்பசி மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும். பழுத்த குலையில் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். இப்போதெல்லாம் மழை சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று நீ கவலைப்படுகிறாய். இங்கே மட்டும் என்ன? போன மழைக்கு நம் பின்மதிலோடு மண் இறங்கிக் குசினிக் கதவுவரை வந்தது. அந்த இலை உருவுகிற கதையிலிருந்து அம்மா ஏதோ பாடம் படிக்க வேண்டும் என்று நீ ஒரு மாதிரி இழுத்தாய். நான் படிக்கவில்லை. செடி செடிதான், மனுஷி மனுஷிதான்.

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் இரண்டு பேரும் அதை ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. யுத்தம் ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு கண்டியிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வடக்குப் பார்க்கப் போன காலம். நத்தார்ப் பண்டிகை முடிந்த மார்கழி லீவில் அப்பாவின் அண்ணன் குடும்பமும் நாமும் ஒரு வேன் பிடித்துக்கொண்டு போனோம். மடுவில் மாதாவைக் கும்பிட்டுவிட்டு யாழ்ப்பாணம், பிறகு கடல். நீ அதற்கு முன் கடல் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் உன் அப்பாவும் சரியாகப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் அலை ஆளுயரத்துக்கு எழும்பி நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு துண்டு மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கறுத்து, அமைதியாக இருந்தது. தோட்டத்து ஆற்றில் குளித்து வளர்ந்த மனுஷன் அவர். ஆற்றில் நுரைக்கிற இடத்தில் கால் வைக்கக்கூடாது, சத்தம் போடாமல் தேங்கி நிற்கிற இடத்தில்தான் குளிக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் தெரிந்த சட்டம் அதுதான். நானும் அந்த இடத்தைத்தான் கை காட்டியிருப்பேன். பெரியப்பாவும் அங்கேதான் போங்கள் என்றார். மலையில் பிறந்த யாரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் அந்த இடத்தில்தான் இறங்குவார்கள்.

குளிப்பதற்குச் சவுக்காரம் கொண்டுபோன கூட்டம் நம் கூட்டமாகத்தான் இருக்கும். தலைக்குத் தேய்த்தார், நுரைக்கவில்லை. திரும்பத் தேய்த்தார், பிசுபிசு என்று ஒட்டியதே தவிர நுரை வரவில்லை. உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பழைய சவுக்காரம் என்று என்னைத் திட்டினார். முழங்கால் தண்ணீரில் பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்து, “தம்பி, இது நுரைக்கவே மாட்டேங்குது. அம்மாகிட்ட வேற ஒன்னு வாங்கிட்டு வா” என்றார். நீ மணலில் ஓடி வந்தாய். நான் பையைக் கிளறிப் புதுசு எடுத்து உறையைப் பிரித்துக் கொடுத்தேன். நீ திரும்பிப் போய் நின்றாய். அவர் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அப்பா தூரத்தில், ரொம்பத் தூரத்தில், ஒரு கையைத் தூக்கியபடி இருந்தார். கூப்பிடுகிறார் என்று நினைத்து நீயும் கையைத் தூக்கிக் காட்டினாய். பெரியம்மா சிரித்தாள். எங்களுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது.

ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள், வள்ளம் இறக்கினார்கள், இருட்டும்வரை தேடினார்கள், மறுநாளும் அதற்கு மறுநாளும் தேடினார்கள். கிடைக்கவில்லை. மணலில் உட்கார்ந்திருந்த என் முன்னால் வயசான ஒரு மீனவர் வந்து குந்தினார். “அலை அடிக்கிற இடம் ஆளைக் கரைக்குத் தள்ளும் அம்மா. அலை இல்லாத இடம்தான் வெளிய இழுக்கிறது. நடக்கப் பழகேக்கயே எங்கட பிள்ளையளுக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறனாங்கள்” என்று சொல்லிவிட்டு அவரும் அழுதார். எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லாமல் போனது அவர் குற்றம் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த ஊரையே பிடிக்காமல் போனது. ஒரு கைக்குழந்தைக்குத் தெரிந்த விஷயம் தெரியாமல் என் புருஷன் போய்விட்டாரே என்ற வெட்கம், அந்த ஆத்திரம், அது சாதாரணமாக இறங்கவில்லை.

இதை உனக்கு நேரே சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். நீ குளியலறையில் சவுக்காரக் கட்டியைத் தொடுவதில்லை. போத்தலில் வருகிறதைத்தான் வாங்குவாய். அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? மெதுவாக ஓடினேனோ, சீக்கிரம் போயிருந்தால் கையைப் பிடித்திருப்பேனோ என்று நீ உள்ளுக்குள் அரைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். பிடித்திருப்பாய். அவரோடு நீயும் போயிருப்பாய். நான் வேனில் தனியாகத் திரும்பி வந்திருப்பேன். அந்த நுரைக்காத சவுக்காரம்தான் உன்னை எனக்குத் தந்தது. உன் அப்பா கடைசியாகச் செய்த காரியம் உன்னைக் கரைக்கு அனுப்பியது. தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, அது அவர் செய்தது. இனிமேல் அதைத் தூக்கிக்கொண்டு திரியாதே. கல்யாணம் கட்டப்போகிறவனுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இதைவிட வேறு ஒன்றும் பெரிதாக இல்லை.

திரும்பி வந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியும், பாதி தெரியும். அவர் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கச் சொன்னார்கள். உடம்பு இல்லாமல் என்ன பூசை என்று கேட்டேன். முப்பதாம் நாள் வைக்கச் சொன்னார்கள், வருஷம் வைக்கச் சொன்னார்கள். பங்குச் சுவாமியாரே வீட்டுக்கு வந்து பேசினார், அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். நான் விடாப்பிடியாக நின்றதற்குக் காரணம் இருந்தது. அவர் வந்துகொண்டிருந்தார், தம்பி. முதல் தடவை, பின்னேர மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தபோது. தகரத்தில் மழை நின்று பெய்தால் கடல் மாதிரியே இருக்கும், அதை நான் அந்த வருஷம்தான் கவனித்தேன். மழை விட்டதும் பின்பக்கம் குழாயடியில் யாரோ கால் கழுவுகிற சத்தம் கேட்டது. வேலை விட்டு வந்தால் ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துத் தேய்த்து அவர் கழுவுவாரே, அதே சத்தம். பிறகு ஒரு செருமல். கதவைத் திறந்தேன், ஆள் இல்லை. குழாய் மூடியிருந்தது. நான் தண்ணீர்ப் பிரிவுக்காரி, போய் மீட்டரைப் பார்த்தேன். காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. குழாயடிக் கல்லின்மேல் எப்போதும் தகரத்துண்டு ஒன்று மறைப்பாக இருக்கும், மழை அங்கே விழாது. ஆனால் கல் நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. என் கண்ணீராகவும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். பெரிய மழை விட்ட பின்னேரங்களில் வருவார். நான் பயப்படவில்லை. பயப்பட அவர் யாரோ எவரோ இல்லையே. கால் துடைக்க ஒரு துவாயைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தேன். தேத்தண்ணீர் ஊற்றும்போது ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றினேன், ஆறிப்போனால் நானே குடித்தேன். ஒருநாள் நீ பாடம் படித்துக்கொண்டிருந்தாய். குழாயடியில் அந்தச் சத்தம் வந்தது. நீ தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். நீ குனிந்து திரும்ப எழுதத் தொடங்கினாய். நீயும் கேட்டாய் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு தைரியம். நீ மட்டும் அதற்குப் பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காதவனாக ஆனாய். அம்பிட்டியவில் மாமா வீட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்பாய், சிநேகிதன் வீடு என்பாய். மழை இருட்டினால் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போகிற பிள்ளை உலகத்தில் நீ ஒருத்தன்தான்.

விவசாயம் படித்து முடித்ததும் வடக்கில் வேலை என்றாய். கடல் இருக்கிற பக்கம் போகாதே என்றேன், உள்ளே வயல் பக்கம்தான் என்றாய். பொய் சொன்னாய். பிறகு திராட்சைத் தோட்டம், பிறகு அனுமதி எடுத்து வைன் போடுகிறோம் என்றாய், பிறகு தோட்டக்காரரின் மகள். பெண் கேட்டு நாம்தான் போக வேண்டும், அது முறை. நான் அந்தக் கரைக்கு வரமாட்டேன் என்றதால், பாவம், அவர்களே பஸ் ஏறி வந்தார்கள். ஒரு பெட்டி நிறைய ஈர வைக்கோலுக்குள் திராட்சைக் குலையும் இரண்டு போத்தல் வைனும் கொண்டுவந்தார்கள். நல்ல மனுஷர்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. நம் வீட்டுக் கேக்கை வெட்டி அந்த வைனை எல்லோருக்கும் ஊற்றினாய். சம்பந்தி தன் கோப்பையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு, “கடல் காத்துப் படுற தோட்டம். அதுதான் அடியில கொஞ்சம் உப்புத் தெரியும். எங்களுக்கு அது பழகிப்போச்சு” என்றார். நான் அப்போதுதான் வாயில் வைத்திருந்தேன். உப்புத் தெரிந்தது. குழாயடிக் கல்லில் தொட்டு வைத்துப் பார்த்தேனே, அதே உப்பு. அவர் இருக்கிற கடலிலிருந்து எழும்புகிற காற்று, அது படிகிற இலை, அந்தக் கொடியின் பழம். என்னால் விழுங்கவும் முடியவில்லை, சபையில் துப்பவும் முடியவில்லை.

விழுங்கினேன். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா, ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்து, “அண்ணையின்ர பேரும் ஒவ்வொரு வருசமும் எங்கட ஆத்துமாக்கள் பூசையில வாசிக்கிறவை. தம்பிதான் குடுத்தவர்” என்றார். உன் முகம் வெளுத்தது. எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், நாள் குறித்தேன், அவர்களுக்குச் சோறு கட்டிக்கொடுத்து அனுப்பினேன். அவர்கள் படி இறங்கியதும் உன்னிடம், “உங்கப்பாவ நீ சாகடிச்சிட்டியா?” என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், வருஷா வருஷம் செத்தவர்களோடு சேர்த்துப் பேர் வாசிக்கக் கொடுத்திருக்கிறாய். நான் இங்கே துவாய் மாட்டி வைத்திருக்கிறேன், நீ அங்கே அவரை அடக்கம் செய்துவிட்டாய். எனக்கு அப்படித்தான் பட்டது. நீ, “அப்ப அவர் எங்கம்மா இருக்கார்? நீங்களே சொல்லுங்க” என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று நான் சொன்னது அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால்தான்.

கல்யாணக் கார்ட் அடித்து வந்தது. முதல் கார்ட் யாருக்கு என்று நம் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கல்லறைக்குத்தான். செத்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் உயிரோடு இருக்கிறவர்களுக்கு அழைப்பு. மஹய்யாவக்காரர்களுக்கு மயானம் ஒன்றும் தூரத்து இடம் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போகிற மாதிரிப் போய் வருவோம். பூவும் மெழுகுதிரியும் கார்டும் எடுத்துக்கொண்டு போனேன். தாத்தா பாட்டி கல்லறையில் கார்டை வைத்து, பேரனுக்குக் கல்யாணம், பெண் யாழ்ப்பாணம், திராட்சைத் தோட்டக்காரர் மகள், நல்ல பிள்ளை என்றெல்லாம் சத்தமாகவே சொன்னேன். உன் சித்தப்பா கல்லறையிலும் சொன்னேன். அதற்குப் பிறகு கையில் ஒரு கார்ட் மிச்சம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தச் சரிவில் நின்றேன். மழை தூறியது. வீட்டுக் குழாயடியில் கொண்டுபோய் வைப்பதா என்று யோசித்தேன். என்ன இருந்தாலும் பெற்ற தகப்பனுக்கு மகன் கல்யாண கார்டைக் குழாயடியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அழுதேன், தம்பி. அவர் போன பிறகு அப்படி நான் அழுததில்லை.

அன்றைக்குப் பின்னேரம் ஜெனிற்றா போன் எடுத்தாள். அவளுடைய போனையும் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளை கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ அங்கே போன முதல் வருஷத்திலிருந்து கரையில் தனியாக நிற்பாய் என்றாள், ஊர்ப் பிள்ளைகள் முதலில் உனக்கு மூளை சரியில்லை என்று நினைத்தார்களாம். “இவர் கடலைப் பார்த்துக் கதைப்பார், மாமி. சோதினை பாஸ் பண்ணினதையும், வேலை கிடைச்சதையும் தன்ர அப்பாட்டச் சொன்னவராம். என்னைக் கட்டப்போறதையும் முதல்ல அங்கதான் சொன்னவர்” என்றாள். பிறகு, “நீங்களும் ஒருக்கா வந்து அவரோட கதையுங்கோவன்” என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ அவரைச் சாகடிக்கவில்லை. உனக்கு அவரிடம் சொல்ல விஷயம் இருந்தது, சொல்ல ஒரு இடம் வேண்டியிருந்தது. இந்த வீட்டில் அவர் எனக்குத்தான் இருந்தார். காலைக் கழுவினார், செருமினார், போனார். உன்னிடம் அவர் ஒருநாளும் பேசவில்லை, உன்னாலும் அவரிடம் பேச முடியவில்லை. நான் அவரை முழுசாக என் பக்கம் வைத்துக்கொண்டேன். நீ மழையில் குடையோடு வெளியே போனபோதாவது எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதற்காக உன் காலில் விழ மாட்டேன், நான் உன் அம்மா. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பயம் என்னவென்று மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கரையில் வந்து நின்று அவரோடு பேசினால், அவர் அங்கே இருக்கிறார் என்று ஆகிவிடும். பிறகு இங்கே வருவாரா? பெரிய மழை விட்ட பிறகு நான் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வெறும் கூரைச் சொட்டுத்தான் கேட்கும். இத்தனை வருஷம் அந்த ஒரு சத்தத்தை வைத்துத்தான் சமைத்தேன், வேலைக்குப் போனேன், உன்னை வளர்த்தேன். அதைக் கொண்டுவந்து கடலில் விட்டுவிட்டு, வெறும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். யாருக்காகவும் இதைச் செய்ய மாட்டேன். உனக்காகச் செய்கிறேன். உனக்கு ஒரு அப்பா இருக்கட்டும், மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கிற மாதிரி, போய்ச் சொல்ல ஒரு இடத்தோடு.

அதனால் வருகிறேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வருவேன். பஸ் நிலையத்துக்கு நீ வா, சம்பந்தி வீட்டாரை அலைக்கழிக்காதே. என்னை நேரே கரைக்குக் கூட்டிக்கொண்டு போ, குளித்து உடுத்துவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் பேசும்போது நீ தள்ளி நில், அது புருஷன் பெண்டாட்டி விஷயம். நான் கொஞ்சம் திட்டவும் செய்வேன், ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தால் பார்க்கட்டும். ஜெனிற்றாவிடம் சண்டை வந்தால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விடாதே, நின்று பேசு. நம் வீட்டுப் பழக்கத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகாதே. உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே கடலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அவள் இருக்கிறாள். மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் ஆற்றைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் டவுனுக்குப் போய் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு இடம் பிடித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் தலை நிமிராமல் எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டான். இரண்டு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவன் நிமிர்ந்து பார்த்து இன்னொரு தடவை கேட்டான். நான் தனி ஆள்தான் என்றேன்.